செல்வினா தண்ணீர் குடிக்காமல் இருந்த நாள்

போன மாதம் மொரீஷியஸிலிருந்து நதாலி பேசினாள். அங்கே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நான் கடைசியாக வேலை பழக்கிய பெண். இப்போது அவளுக்கே தலை நரைத்திருக்கும். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ஆரம்பித்து, பிரெஞ்சுக்குத் தாவி, நான் தடுமாறிய இடத்தில் ஆங்கிலத்துக்கு இறங்கி வந்து ஒரு செய்தி சொன்னாள்.

"மதாம் கோமதி, இனிமேல் நோயாளியைத் தாகத்தோடு நாள் முழுக்க உட்கார வைக்க வேண்டாம். புது முறை வந்துவிட்டது. பெரும்பாலும் ரத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்."

வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் மூளையில் உருவாகும்போது கூடவே இன்னொரு துண்டும் உருவாகிறது. வாசோப்ரெசின் ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துபோகும். இந்தத் துண்டு தாக்குப்பிடிக்கும். அதை அளந்தால் போதும். எங்கள் காலத்தில் அப்படியொரு வழி இல்லை. நல்ல செய்திதான். நல்லது என்றுதான் நானும் சொன்னேன்.

"நீங்கள் அந்த நாட்களைப் பற்றி எழுதுங்களேன், மதாம். தமிழிலேயே எழுதுங்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, பரவாயில்லை."

போனை வைத்த பிறகு பாளையங்கோட்டையில் என் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கோ அந்தத் தீவின் மேட்டு நிலத்து ஊரான க்யூர்பிப் பக்கத்து மழையின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் படித்தது சென்னையில், ஆய்வகத் தொழில்நுட்பம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருமணமானதும், தமிழாசிரியராக வேலை கிடைத்த கணவரோடு எழுபதுகளின் கடைசியில் மொரீஷியஸ் போனேன். மேட்டு நிலத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே துணித் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். விடிவதற்கு முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் ஓடும். கடற்கரையில் ஒரு ஹோட்டல் கட்டி முடிப்பதற்குள் அடுத்ததற்கு அஸ்திவாரம் போடுவார்கள்.

அங்கே தமிழ்ப் பெயர்கள் நிறைய உண்டு, தமிழ்ப் பேச்சு கிடையாது. கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு முருகன் பாட்டை முழுதாகப் பாடுவார்கள். முடித்ததும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். வேலையிடத்தில் நாள் முழுக்க ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாமல் வீடு திரும்புவது முதல் வருடங்களில் எனக்குப் பெரும் பாரமாக இருந்தது.

எங்கள் தலைவர் டாக்டர் அர்மான். தீவிலேயே பிறந்தவர், எடின்பரோவில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். உயரமான மனிதர், ஆனால் நோயாளியின் கட்டிலருகே வந்ததும் குனிந்து, அவர்கள் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைக் கொண்டுவந்த பிறகுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த முடிவைக் கொண்டுபோனாலும் ஒரே கேள்விதான்: "ஊ சீர்?" நிச்சயமாகத் தெரியுமா? அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை ஓட்டுவோம்.

மூளை தயாரிக்கும் பெப்டைட்களின் மேல் அவருக்கு அப்படியொரு மோகம். நரம்புக்கும் நரம்புக்கும் இடையே வேலை செய்யும் சிறு புரதத் துண்டுகள் அவை. மூளையில் மட்டும் இருப்பதாக நினைத்தவை குடலிலும் கிடைத்தன. குடலில் கண்டவை மூளையிலும் கிடைத்தன. அப்படியானால் ரத்தத்தில் ஓடுவது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்ற கேள்வி அந்தக் காலத்தில் பெரிதாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பேசுவார்.

ஒருமுறை கிழக்குக் கரை ஊரான சென்ட்ர் டி ஃப்ளாக்கிலிருந்து ரத்தம் அடைத்த சோதனைக்குழாய் ஒன்று வந்தது. பிட்யூட்டரி ஹார்மோன் ஒன்றை அளக்க வேண்டிய ரத்தம். ஐஸில் புதைத்து அனுப்பியிருக்க வேண்டும். யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சூடாக இருக்கிறது. இதில் இனி ஒன்றும் இல்லை" என்றார். யாரையும் திட்டவில்லை. ஒரு பிளாஸ்கில் ஐஸை நிரப்பிக்கொண்டு, டிரைவரை எழுப்பி, தீவின் கிழக்குக் கரை வரை தானே போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார். குழாயை என்னிடம் நீட்டும்போது அவர் விரல் நுனிகள் குளிரில் விறைத்திருந்தன.

செல்வினா எங்களிடம் வந்தது எண்பதுகளின் நடுவில். செமின் கிரனியே ஊர்க்காரி. ஐரோப்பாவுக்கு ஸ்வெட்டர் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கழுத்துப்பட்டி தைப்பவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் ராஜென் தென்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்திலேயே அதைக் குடித்துத் தீர்த்துவிட்டு, எங்கள் குழாயில் மறுபடி நிரப்பினாள்.

சில மாதங்களாக அப்படித்தானாம். குடிக்கக் குடிக்கத் தாகம். குடித்ததெல்லாம் பச்சைத் தண்ணீர் போலவே வெளியேறிவிடும். தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசைக்கு ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். அந்த அட்டை எப்போதும் இவள் கழுத்தில்தான். வரிசைப் பெண்கள் அவளுக்கு "மதாம் ரொபினே" என்று பெயர் வைத்தார்கள். குழாயம்மா. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று சூப்பர்வைசர் இருமுறை எச்சரித்துவிட்டார். சிறுநீரில் சர்க்கரை இல்லை. முன்பு பார்த்த டாக்டர் ஒருவர், இது மனக்கோளாறு, பழக்கமாகத் தண்ணீர் குடிக்கிறாள், மனநல மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போகத் தயாராக இருந்தாள்.

"மோ பா ஃபூ, டாக்டர்" என்றாள் செல்வினா. நான் பைத்தியம் இல்லை.

டாக்டர் அர்மான் குனிந்து அவள் கண்களைப் பார்த்தார். தலைவலி உண்டா, பார்வை எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு, நெற்றியோரம் தெரிந்த தழும்பைக் காட்டி, "எப்போதாவது விழுந்தீர்களா? தலையில் அடிபட்டதா?" என்று கேட்டார்.

அவள் பக்கத்தில் நின்ற ராஜெனைப் பார்க்கவில்லை. "இல்லை. கதவு இடித்துக்கொண்டது" என்றாள்.

தாகச் சோதனைக்கு நாள் குறித்தோம். உடம்பில் நீர் குறையும்போது மூளை வாசோப்ரெசினை ரத்தத்தில் விடும், சிறுநீரகம் அதைக் கேட்டு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீர் அடர்த்தியாகும். அந்த ஹார்மோனை எங்களால் அளக்க முடியாது. அதனால் சிறுநீரகத்தையே கருவியாக வைத்துக்கொள்வோம். தண்ணீரை நிறுத்திவிட்டு, மணிக்கொரு தரம் எடை பார்த்து, சிறுநீரின் அடர்த்தியை அளப்போம். அது ஏறினால் மூளை ஹார்மோனைத் தருகிறது, அவள் வெறும் பழக்கத்தால் குடிக்கிறாள் என்று அர்த்தம். ஏறாவிட்டால் கடைசியில் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவோம். அப்போது ஏறினால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மூளையிலிருந்துதான் வரவில்லை. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் உண்மையாகவே இந்த நோய் உள்ளவர்களிடம் தண்ணீரைப் பிடுங்குவது ஆபத்து. எடை ஓர் அளவுக்கு மேல் இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையைத் தயார் செய்தோம். குழாயின் திருகைக் கழற்றினோம். பூச்சாடியை எடுத்தோம், தாகம் முற்றினால் அதைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். டாக்டருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சோதனை நாளில் அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் யாரும் சோதனை முடியும் வரை எதுவும் குடிக்கக் கூடாது, அவர் உட்பட. நர்ஸ் ஒருமுறை காரணம் கேட்டாள். "தாகத்தில் இருப்பவள் உன் உதட்டைப் பார்ப்பாள்" என்றார்.

காலையில் செல்வினாவை எடை பார்த்து உட்கார வைத்தோம். ராஜென் வராந்தாவில் காத்திருந்தான். துணைக்கு நான்தான். முதலில் தைரியமாகத்தான் இருந்தாள். தொழிற்சாலைக் கதைகள் சொன்னாள். சூப்பர்வைசர் போலவே நடந்து காட்டினாள். மாதிரிகளை நான் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், ஆஸ்மோமீட்டர் என்ற கருவியில் வைப்பேன். அது ஒரு துளியை உறைய வைத்து, எந்தக் குளிரில் உறைகிறது என்பதை வைத்து அடர்த்தியைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் எண் முந்நூறுக்கு வெகு கீழே, ஏறவே இல்லை. பார்க்கவும் நிறமில்லாத தண்ணீர்.

போகப்போக அவள் பேச்சு குறைந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. திடீரென்று, "அக்கா, தமிழ் பேசுங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அது பெரிய வாக்கியம்.

"என்ன பேச?"

"நெம்போர்த் கீ." எதையாவது.

தமிழ் பேசு என்று அந்த ஊரில் என்னை யாரும் கேட்டதில்லை. திருநெல்வேலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரதவீதி, ஆனித் தேரோட்டம், தேர்வடத்தைப் பிடித்துக் கை காய்த்துப்போன என் அண்ணன். ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவளுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் 'தேர்', 'அண்ணன்', 'சாமி' என்று தெரிந்த சொல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டுவாள்.

மதியத்தை ஒட்டி மழை பிடித்தது. மேட்டு நிலத்தில் அது தினப்படி சங்கதி. சோதனைக்கு நாள் குறித்தபோது அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூரைத் தகரத்தில் தடதடவென்று கொட்டியது. செல்வினா ஜன்னல் கண்ணாடியையே பார்த்தாள். அதில் வழிந்த நீரோடு அவள் கண்களும் மேலிருந்து கீழே இறங்கின. எனக்கும் காலையிலிருந்து தொண்டை நனையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மழையை எதிரியாகப் பார்த்தேன்.

மாதிரியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பினேன். அடுத்த எடையில் முள் இறங்கவில்லை. அத்தனை சிறுநீர் போன பிறகும் இறங்கவில்லை. தராசைச் சரிபார்த்தேன். பிறகுதான் அவள் சட்டைக் கைகள் இரண்டும் முழங்கை வரை நனைந்திருந்ததைக் கண்டேன். ஜன்னல் கொக்கி திறந்திருந்தது.

செல்வினா சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீரே வரவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். குடித்தது தெரிந்தால் சோதனை ரத்து என்பதுதான் விதி. ரத்தானால் 'மனக்கோளாறு' என்ற சொல் அப்படியே அவள் மேல் ஒட்டிக்கொண்டுவிடும். இன்னொரு நாள் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

டாக்டர் வந்து, குனிந்து, "கொம்பியேன்?" என்று கேட்டார். எவ்வளவு?

இரு கைகளையும் குவித்துக் காட்டினாள். பிறகு விரல்களை மடக்கி எண்ணினாள். நான்கைந்து முறை.

டாக்டர் ஜன்னலைச் சாத்தவில்லை. நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு, தானே உட்கார்ந்துகொண்டார். "மழை, நாலைந்து கை. எழுதிக்கொள்ளுங்கள், மதாம் கோமதி. நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உங்களால் முடியுமா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவரை வார்டில் கூப்பிட்டார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். செல்வினா என் முழங்கையைப் பிடித்தாள். குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

"அக்கா. நான் விழுந்தேன்."

கிரியோலில் துண்டுதுண்டாகச் சொன்னாள். கரும்பு வெட்டும் பருவம். ராஜெனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். லாரியிலிருந்து சிந்திய கரும்புச் சோகையில் சக்கரம் வழுக்கிவிட்டது. தலை தரையில் மோதி, சற்று நேரம் நினைவு தப்பியிருக்கிறது. நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் கதவு இடித்தது என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே தாகம் தொடங்கியது.

"ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை?"

"வண்டி ஓட்டினது அவர். அதனாலதான் இந்தத் தாகம்னு அவருக்குத் தெரியக் கூடாது, அக்கா. தெரிஞ்சா சாப்பிட மாட்டார். தூங்க மாட்டார்."

டாக்டர் திரும்பியதும் அவளையே சொல்ல வைத்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஓய்வறையிலிருந்து காப்பிப் பொடி டப்பாவை வரவழைத்து, அவள் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே பிடித்தார். "என்ன வாசனை?" அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவேப்பிலை வாசனை போனதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. சமையல் ருசிக்காததற்குத் தன் சோகம்தான் காரணம் என்று நினைத்திருந்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, தன் புருவ நடுவைத் தொட்டு, மெதுவாகச் சொன்னார். வாசோப்ரெசின் பிறப்பது மூளையின் அடியில், ஹைப்போதலாமஸில். அங்கிருந்து ஒரு மெல்லிய காம்பின் வழியாக, நரம்புக்குள்ளேயே இறங்கி வந்து, பிட்யூட்டரியின் பின்பாதியில் சேர்ந்து, அங்கே ரத்தத்தில் கலக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் அந்தக் காம்பு அறுபட்டிருக்கலாம். மணத்தை உணரும் நரம்பிழைகளும் அதே அதிர்ச்சியில் அறுபடும்.

பிற்பகலில் எடை எல்லையைத் தொட்டது. ரத்தம் எடுத்தோம். அதில் ஒரு பங்கை ஐஸில் சுழற்றிப் பிரித்து உறைய வைத்தேன். இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் வாசோப்ரெசினை நேராக அளப்பார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் அந்தூரியப் பூப்பெட்டிகளோடு அது விமானம் ஏறியது. வழியில் எங்கோ தாமதமாகி உருகிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அது வேறு கதை. ஆஸ்மோமீட்டரில் அவள் ரத்தம் முந்நூறைத் தாண்டி நின்றது. சிறுநீர் அதில் பாதிகூட இல்லை. உடம்பு காய்ந்துகொண்டிருந்தது, சிறுநீரகத்துக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

டாக்டரே ஊசி போட்டார்.

காத்திருந்தோம். மழை விட்டு, ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அடுத்த மாதிரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இளமஞ்சள். அதற்கடுத்தது தேநீர் நிறம். கருவியில் வைத்தேன். எண் ஏறி ஏறி ஐந்நூறைக் கடந்தது. இன்னொரு துளி வைத்தேன். அதே எண். தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

"ஊ சீர்?" என்றார் டாக்டர்.

"சீர்!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்ததை நான் பார்த்தது மிகச் சில தடவைகள்தான். அதில் அது ஒன்று.

ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊசிக்குப் பிறகு அதிகம் குடித்தால் உடம்பில் நீர் தேங்கிவிடும், பாதிதான் அனுமதி. செல்வினா அதை இரு கைகளாலும் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு நிறுத்திவிட்டுத் தம்ளரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"மோ நெப்லி ஸ்வாஃப்" என்றாள். எனக்குத் தாகம் போய்விட்டது.

தம்ளரை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க குடிங்க." மிச்சத்தை நான் குடித்தேன்.

ராஜெனிடம் டாக்டர் விஷயத்தை விளக்கினார். மூளையில் ஒரு சுரப்பு நின்றிருக்கிறது, மருந்து உண்டு, பலருக்குக் காரணமே தெரியாமல் வரும் என்றார். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். நான் வராந்தாவுக்கு வந்தபோது என் பின்னாலேயே வந்தான்.

"மதாம்... அன்றைக்கு விழுந்ததால்தானே?"

அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

மருந்து மூக்கில் விடும் சொட்டு. மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் ஏற்றி, ஒரு முனையை மூக்கிலும் மறுமுனையை வாயிலும் வைத்துத் தானே ஊதிக்கொள்ள வேண்டும். நான்தான் கற்றுக்கொடுத்தேன். முதல் தடவை தும்மிவிட்டுச் சிரித்தாள். குளிரில் வைக்க வேண்டிய மருந்து, வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஊர்ச் சீனக் கடைக்காரர் தன் குளிர்பானப் பெட்டியில் அந்தக் குப்பிக்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் கடைக்குப் போய் ஊதிக்கொண்டு வருவாள். தொழிற்சாலையில் அவள் மெஷினில் அதற்குள் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டர் நேரில் போய்ப் பேசினார். மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்களாம். அவர் அதைக் குடிக்காமல் வந்ததாக டிரைவர் சொன்னார். பிறகு மாயெபூர் பக்கம் ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் செல்வினாவுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே குடிபோனார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அவ்வப்போது ஆய்வகத்துக்கு வருவாள். டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்து, "அக்கா, தமிழ் பேசுங்க" என்பாள். வேலைக்கு நடுவே பேசுவேன். அந்தத் தீவில் என் பேச்சைக் கேட்கவென்று பஸ் ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான். இன்றைக்கு என்னைச் சுற்றி எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். அப்படி உட்கார்ந்து கேட்பவர் யாருமில்லை.

என் கணவரின் பணிக்காலம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பியது தொண்ணூறுகளின் நடுவில். டாக்டர் அர்மான் ஆய்வக வாசல் வரை வந்து கைகுலுக்கினார். சில வருடங்களில் அவர் இறந்த செய்தி நதாலி மூலம் வந்தது. நான் அன்று முழுவதும் எதுவும் குடிக்கவில்லை. ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மாயெபூரிலிருந்து விமான நிலையம் பக்கம். நாங்கள் தீவை விட்டுக் கிளம்பிய அன்று செல்வினா ஹோட்டல் சீருடையோடு அங்கே ஓடி வந்தாள். சலவைச் சோப்பின் மணம் அவள் மேல் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்காது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளே போகச் சொல்லி அழைப்பு வந்தது.

"சரி செல்வினா, வர்றேன்" என்றேன். போகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

அவளுக்கு அது தெரியாது. கோவிலிலும் பாட்டிலும் படித்த தமிழ் அவளுடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து, "கான், அக்கா? எப்போ?" என்றாள்.

விளக்கிச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது.

"தைப்பூசத்துக்கு" என்றேன்.